கூம்பு ஒலிபெருக்கி தேர்ந்தெடுத்த குரல்கள்

உங்கள் இசை ரசனையை வளர்த்தவர்கள் யார் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் நுனிநாக்கில் இருக்கும். எம்.எஸ்.வி., இளையராஜா, ரகுமான். கொஞ்சம் மூத்தவர் என்றால் பாகவதரிலிருந்து தொடங்குவார். இளவட்டம் என்றால் அனிருத்தில் வந்து நிற்கும். எல்லாமே சென்னை முகவரிகள். இவர்களை நான் மறுக்கவில்லை. இளையராஜாவை மறுத்துவிட்டு என் தொழிலில் ஒருநாள்கூடப் பிழைக்க முடியாது. ஆனால் அது மைக் முன்னால் சொல்கிற பட்டியல். நம் காது வைத்திருக்கும் பட்டியலில் கிள்ளான் இருக்கிறது, பினாங்கு இருக்கிறது, மலாய்ப் பாட்டு இருக்கிறது. அதை வெளியே சொல்ல நமக்கு என்னவோ தயக்கம்.

கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட் சிஸ்டம் போடுவது என் வேலை. கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் பிறந்து, இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். கல்யாண விருந்தில் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. என்ன பாட்டு வேண்டும் என்று விருந்தாளிகள் எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டெல்லாம் அவன் மேசையில்தான் வந்து குவியும். சாப்பாடு பரிமாறும்வரை கௌரவமான பாட்டுகளாக வரும். பத்தரை மணிக்கு மேல், பெரியவர்கள் கிளம்பி, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மாமன்மார்கள் ஆட வந்த பிறகு வருகிற சீட்டுகளில்தான் உண்மை இருக்கும். அந்தச் சீட்டுகளை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹார்ன் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எங்கள் வட்டாரத்தில் அதுதான் முதல் இசை ஆசிரியர். ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிகாலையிலேயே மரத்தில் ஹார்ன் கட்டிவிடுவார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அது ஓய்வதற்குள் புதுக்கிராமத்துச் சீனர்களுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிடும். மேடை கட்டி, இரவெல்லாம் தாளமும் கீச்சுக் குரலுமாக ஓப்பரா நடக்கும். இரண்டுக்கும் நடுவில் பள்ளிவாசல் பாங்கு. எதைக் கேட்பது, எதை விடுவது என்று நம்மை யாரும் கேட்டதில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஹார்னுக்கு அடித்தொனி தெரியாது. தபலாவின் இடது பக்கம், பேஸ் கிதார் எல்லாம் அதன் வாயில் நசுங்கிப் போகும். மிகவும் நுணுக்கமான மேல்தொனியும் வராது. நடுவில் இருப்பதை மட்டும் ஈட்டியாக எறியும். அதனால் அதில் பிழைக்கிற குரல்தான் எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்ந்தது. சீர்காழி கோவிந்தராஜன் பிழைத்தார். டி.எம்.எஸ். பிழைத்தார். நாகூர் ஹனிபாவுக்கு ஹார்ன் தேவையா என்பதே சந்தேகம். ஜேசுதாஸ் பாட்டைப் போட்டால் பாதி காற்றோடு போய்விடும். அவர் எவ்வளவு பெரிய பாடகர் என்று வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எது நல்ல குரல் என்பதைப் படித்தவர்கள் ராகம் தாளம் வைத்துச் சொல்லலாம். எங்கள் தலைமுறையில் பலருக்கு அதைத் தீர்மானித்தது மரத்தில் கட்டிய ஓர் அலுமினியக் கூம்பு.

அந்தக் கூம்புக்காகவே பிறந்ததுபோல் ஒரு குரல் 1977-இல் வந்தது. ‘16 வயதினிலே’. எஸ்.பி.பி.க்குத் தொண்டை சரியில்லாத நேரத்தில் கமலுக்குப் பாட மலேசியா வாசுதேவனுக்கு வாய்ப்பு வந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. ஆனால் அந்த வாசுதேவன் பிறந்தது கிள்ளானில் என்பதை இன்று கிள்ளான் பிள்ளைகளிடம் சொன்னால் விழிக்கிறார்கள். 1944-இல் ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே நாடகமும் பாட்டுமாக இருந்துவிட்டு, சினிமாவில் நடிக்க வேண்டும் என்ற ஆசையில் சென்னைக்குப் போனார். அங்கே இளையராஜா சகோதரர்களின் மேடைக் கச்சேரிகளில் பாடினார். பேருக்கு முன்னால் பிறந்த நாட்டைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் தமிழ் சினிமாவில் முப்பது ஆண்டுக்கு மேல் நின்றார் என்றால் சும்மா இல்லை.

மிக்சரில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டால் ஒன்று புரியும். கொஞ்சம் முரட்டுக் குரல், ஆனால் சுருதியில் முடியளவும் விலகாது. வாயைத் திறந்து பாடுவார். சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழும். எவ்வளவு மட்டமான மைக்கிலும், எதிரொலிக்கிற எந்த மண்டபத்திலும் அவர் பாட்டின் சொல் புரியும். ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்குப் பாடிய அதே தொண்டை ‘பன்னீர் புஷ்பங்க’ளில் எப்படி அவ்வளவு மென்மையாக இறங்கியது? 1985-இல் ‘முதல் மரியாதை’. டி.எம்.எஸ். குரலிலேயே ஊரெல்லாம் பார்த்துப் பழகிய சிவாஜியின் முகத்துக்கு வேறொரு குரல். யாருக்கும் உறுத்தவில்லை. அது எவ்வளவு கடினமான காரியம் என்று பின்னணி பாட முயன்றவர்களைக் கேட்டால் தெரியும். பிறகு ரகுமான் வந்தார். ‘கிழக்குச் சீமையிலே’யில் அவரும் இந்தக் குரலைக் கூப்பிட்டார்.

இப்போது அந்தச் சீட்டுகளுக்கு வருவோம். பத்தரை மணிக்கு மேல் வருகிற சீட்டுகளில் ‘ரஜினி பாட்டு’ என்று எழுதியிருக்கும். ஓர் இளைஞர் நேரிலேயே வந்தார். “அண்ணே, ஒரு ரஜினி பாட்டு போடுங்க லா, பழசு.” “எந்தப் பாட்டு தம்பி?” அவர் முணுமுணுத்துக் காட்டியது வாசுதேவன் பாடியது. “இது யார் பாடினது தெரியுமா?” “ரஜினிதானே ணே?” நான் சிரிக்கவில்லை. அந்தக் கல்யாணம் நடந்த மண்டபம் கிள்ளானில் இருந்தது. பாடியவர் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அவர் பாட்டுக்கு ஆட வந்தவர், அவர் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்தத் தம்பியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வானொலியில் படத்தின் பேர் சொல்வார்கள், கதாநாயகன் பேர் சொல்வார்கள், பாட்டை யாருக்காகப் போடுகிறோம் என்று குடும்பத்தார் பேரையெல்லாம் வாசிப்பார்கள். பாடியவர் பேர் பல நேரம் விளம்பரத்துக்குள் புதைந்துவிடும். வாசுதேவன் 2011 பிப்ரவரியில் சென்னையில் காலமானார்.

பத்தரை மணிக்கு மேல் வருகிற இன்னொரு வகைச் சீட்டு மலாய்ப் பாட்டுக்கானது. அதிலும் பெரும்பாலும் அலிகேட்ஸ் குழுவின் பாட்டு.

இதைச் சொன்னால் தமிழ் உணர்வாளர்கள் சிலருக்குப் பிடிக்காது. சொல்லித்தான் ஆகவேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கோலாலம்பூரில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனிடம், அவன் ஒளித்து வைத்திருக்கும் கேசட்டைக் காட்டச் சொன்னால் அதில் அலிகேட்ஸ் இருக்கும். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம். பினாங்குத் தமிழ்க் குடும்பத்து அண்ணன் தம்பி. தலையில் ஆப்ரோ முடி, ஹாங்காங் போய் மேடையேறிப் பெற்ற பயிற்சி, திரும்பி வந்து மலாயில் பாட்டு. எம். நாசிர் போன்ற பெரிய மலாய் இசையமைப்பாளர்கள் அவர்களுக்காக மெட்டமைத்தார்கள். கோலாலம்பூரைப் புன்னகைக்கச் சொல்கிற ‘செஞ்யும்லா கோலாலம்பூர்’ இந்த நகரத்தின் பாட்டாகவே ஆகிவிட்டது. நகரத்தின் பாட்டைப் பாடியவர்கள் ஆறுமுகத்தின் பிள்ளைகள்.

எனக்கு அவர்களைக் கொடுத்தது பஸ் மினி. இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. இளஞ்சிவப்பு நிறத்தில், ஆட்களைத் திணித்துக்கொண்டு, 1975-இலிருந்து 1998வரை இந்த நகரத்தில் ஓடிய சின்ன பஸ்கள். சுங்கை பீசிப் பக்கம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போனால், ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரில் அலிகேட்ஸ் பாடுவார்கள். ஓட்டுநர் மலாய்க்காரர், டிக்கெட் கிழிப்பவர் தமிழர், முன் சீட்டில் காய்கறிக் கூடையோடு சீனப் பாட்டி. யாரும் கேசட்டை மாற்றச் சொன்னதில்லை. ஹார்ன் எனக்குக் குரலைக் கற்றுக் கொடுத்தது என்றால், பஸ் மினி பின்னணி இசையைக் கற்றுக் கொடுத்தது. பேஸ் கிதார் என்று ஒன்று இருக்கிறது, அது பாட்டைக் கீழிருந்து தாங்குகிறது என்பது அந்த பஸ்ஸின் அதிர்விலும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் இளையராஜாவின் பேஸ் கிதார் என் காதில் விழுந்தது. பாட்டு அதே பாட்டு. எத்தனையோ முறை கேட்டதுதான். கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். ராஜாவைக் கேட்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அலிகேட்ஸ் என்று சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

லோகநாதன் 2007-இல் இறந்தபோது மலாய்க்காரர்களும் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்துத்தான் வருந்தினார்கள். மலாயில் பாடினார் என்பதற்காக நாம்தான் அவரை நம் இசைக்காரர்கள் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டோம். தமிழன் தெலுங்கில் கீர்த்தனை பாடினால் நம் மரபு என்கிறோம். மலாயில் பாடினால் ‘அது வேற’ என்கிறோம். தியாகராஜர் ஆராதனைக்கு பிரிக்பீல்ட்ஸில் போய் உட்காருகிறவர்கள் இதை எனக்கு விளக்க வேண்டும்.

மலாய்த் திரையின் நடிகர், பாடகர் பி. ரம்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரைக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ படத்தை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் அப்போது இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ரம்லியின் பாட்டுகளில் நமக்குத் தெரிந்த வாசனை ஒன்று அடிக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. என் அம்மாவுக்கு மலாய் சரியாகப் பேச வராது. சனிக்கிழமை தொலைக்காட்சியில் ரம்லி படம் போட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்.

உருமி மேளத்தைப் பற்றிச் சொன்னால் பாதிப் பேர் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவார்கள் என்று தெரியும். தைப்பூசத்தில் சினிமா மெட்டில் சாமி பேரைச் சொருகிப் பாடுகிறார்கள், பையன்கள் கட்டுப்பாடில்லாமல் ஆடுகிறார்கள் என்ற புகாரெல்லாம் உண்மைதான். நானே நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் தமிழ்ப் பையன்கள் யாரும் சொல்லாமல், பள்ளிக்கூடம் வைக்காமல், தாங்களே காசு சேர்த்து வாத்தியம் வாங்கி, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்கிற இசை இது ஒன்றுதான். உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியைத் தேய்த்து அந்த உறுமலை வரவழைக்க மாதக்கணக்கில் கை தேய வேண்டும். தோட்டத்தில் கோயில் வாசலில் அடித்தது, தோட்டம் போய் அடுக்குமாடிக்கு வந்த பிறகும் விடாமல் கூடவே வந்திருக்கிறது. சாலாக் செலாத்தானில் கம்யூட்டர் ஏறினால் பத்துமலையில் இறங்கலாம். தைப்பூசத்தன்று அந்த ரயில் பெட்டியில் என் மகன் வயதுப் பையன்கள் விரலால் ஜன்னலில் தாளம் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தத் தாளம் எந்தச் சென்னைப் படத்திலிருந்தும் வந்ததில்லை. கெட்ட வார்த்தையைத் திருத்துங்கள், ஆட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள். வாத்தியத்தைப் பிடுங்காதீர்கள்.

என் மகனின் காதைத் திறந்தது ஹார்னும் இல்லை, பஸ் மினியும் இல்லை. காரின் பின்பெட்டியில் பொருத்திய சப்வூஃபர். புரோட்டோன் வீராவின் பூட்டில் பெரிய பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு தாமான் முழுவதும் அதிர ஓட்டிய தலைமுறை அது. அந்தக் காரில் ஓடியது யோகி பி. 1998-இல் பொயட்டிக் அம்மோ என்ற குழுவில் அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டோனீஸ் என்று ஒரே ஆல்பத்தில் பாடினார்கள். சாலாக் செலாத்தானில் வளர்ந்தவனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் காப்பிக்கடையில் ஒரு மேசையிலேயே அந்த நாலும் ஓடும். பிறகு 2006-இல் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து நட்சத்திரா என்ற பேரில் ‘வல்லவன்’ வந்தது. ‘நிழல்கள்’ படத்தில் வாய்ப்புக்காக அலைகிற ஓர் இசைக்காரனின் கனவுப் பாட்டு இருக்கிறதே, வாலி எழுதி எஸ்.பி.பி. பாடியது, அதை எடுத்து மேலே ராப் அடித்தார்கள். ராஜா ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்குச் சரியான பாட்டைத்தான் தேடி எடுத்திருக்கிறார்கள் என்று பட்டது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்துக்காகச் சென்னை அவரைக் கூப்பிட்டது. பத்து ஆண்டு கழித்து ‘விவேக’த்துக்கும் கூப்பிட்டது. தமிழ் ராப் என்றால் இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கோலாலம்பூரைத்தான் முன்னோடி என்கிறார்கள். கிள்ளானிலிருந்து வாசுதேவன் போனபோது அங்கே இருந்த பாணியில் பாடினார். யோகி பி போனபோது இங்கிருந்து ஒரு பாணியைக் கொண்டுபோனார்.

இவ்வளவு இருந்தும் நம் மேடைகளில் நடப்பது என்ன? இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். சென்னையிலிருந்து ஒரு பாடகர் வருகிறார். டிக்கெட் விற்கிறது, நல்லது. முன்னால் பாட உள்ளூர்க் குழு ஒன்றைப் போடுகிறார்கள். மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை சவுண்ட் செக் வந்த விருந்தினருக்கு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அளவு பார்த்து, மைக் மாற்றி, எதிரொலி சரிசெய்து முடிப்பதற்குள் கதவு திறக்கிற நேரம். உள்ளூர்க் குழு மேடையேறும்போது டிரம்மருக்கு மானிட்டர் இல்லை, பாடகிக்குத் தன் குரலே கேட்காது. ஒலி மேசையில் அவர்களுக்கென்று ஒரு சேனல்கூட ஒழுங்காக ஒதுக்கியிருக்காது. இந்த நிலையில் இளையராஜாவே வந்து பாடினாலும் சுருதி விலகத்தான் செய்யும். கூட்டம் உதட்டைப் பிதுக்குகிறது: “லோக்கல்னா இப்படித்தான் லா.” உள்ளூர்க் குழுவின் சவுண்ட் செக்குக்காக ஓர் ஏற்பாட்டாளரிடம் அரை மணி நேரம் கேட்டேன். “அண்ணே, அவங்களுக்கு எதுக்கு, சும்மா கூட்டம் உட்காருற வரைக்கும்தானே” என்றார். மக்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த வெள்ளியில் உள்ளூர்க் குழுவின் பங்கும் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

உள்ளூர்ப் பாட்டெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. வருகிற ஆல்பங்களில் பாதிக்கு ஒரே தாளம், எல்லாக் குரலையும் கணினியில் இழுத்து ஒரே குரலாக்கி வைத்திருக்கிறார்கள், ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிக் கிடக்கின்றன. காதலி ஏமாற்றினாள் என்பதைத் தவிர இந்த நாட்டில் வேறொன்றும் நடக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மோசமான பாட்டு சென்னையிலிருந்தும் வண்டி வண்டியாக வருகிறது. அதைக் கேட்டு யாரும் ‘சென்னைனா இப்படித்தான்’ என்று சொல்வதில்லை. ஒருகாலத்தில் ரெ. சண்முகம் போன்றவர்கள் அங்காசாபுரி வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பாடியும் மெட்டமைத்தும் உள்ளூர்ப் பாட்டுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். அப்போது கருவி குறைவு, காசு குறைவு. பாடியவர் பேரை மட்டும் அறிவிப்பாளர் தெளிவாகச் சொல்வார்.

எனக்கு இரண்டு கோரிக்கைகள்தான். சென்னைக் கலைஞரோடு ஒரே மேடையில் உள்ளூர்க் குழுவைப் போடுகிறவர்கள் அவர்களுக்கும் முழு சவுண்ட் செக் கொடுக்க வேண்டும். அழைப்பிதழில் பேர் அச்சடிக்கும் முன் அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கல்யாணமோ வானொலியோ, பாட்டைப் போடும்முன் பாடியவர் பேரைச் சொல்ல வேண்டும். என் சிஸ்டத்தை எடுக்கிறவர்களிடம் இரண்டாவதை இப்போதே நிபந்தனையாக வைத்திருக்கிறேன். போன மாதம் மணமகளின் அப்பா ஒருவர் தயங்கினார், பேரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்றார். அவர் வீட்டு விருந்தில் வந்திருந்த டத்தோக்கள், டான்ஸ்ரீக்கள் பேரை ஒருவர் விடாமல் வாசித்து முடிக்கும்போது முதல் பதார்த்தம் ஆறிப் போயிருந்தது. அடுத்தமுறை அந்த வரிசையில் டத்தோ டேவிட் ஆறுமுகம் பேரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன், அவர் பாட்டைப் போடும்போது.